உறை போட்ட கிளினிக் கொப்பி: மனநோயை ஏன் மறைக்கிறோம்?

எங்கள் வீட்டில் சின்ன மாமாவின் கிளினிக் கொப்பிக்கு உறை போட்டிருந்தது. பழைய முருகன் கலண்டர் தாள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவதுபோல மூலைகளை மடித்து அம்மம்மா போட்டது. மேலே பெயர் இல்லை, ஆஸ்பத்திரியின் பெயரும் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் அந்தக் கொப்பியைச் சீலைக்கடைப் பைக்குள் வைத்து, இரண்டு பஸ் மாறி, மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்குக் கிட்டவே கிளினிக் நடந்தது. அங்கே ஏன் போவதில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அங்கை எல்லாம் தெரிஞ்ச சனம் மோனை" என்பார்.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். அவருடைய கொப்பி விறாந்தை மேசையில் திறந்தபடி கிடக்கும். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டி, "இந்த முறை 210 ஆம், மாம்பழம்தான் காரணம்" என்று கதை சொல்வார். இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரிக் கொப்பிகள். இரண்டிலும் மருந்துப் பெயரும் அடுத்த தேதியும்தான் எழுதியிருக்கும். ஒன்றுக்கு மட்டும் ஏன் உறை?

அந்த உறைக்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் களங்கம் என்கிறோம், சமூக வடு என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்டிக்மா. அது பழைய கிரேக்கச் சொல். அடிமைகள், குற்றவாளிகள் உடம்பில் சுட்டோ குத்தியோ போடப்பட்ட அடையாளத்தை அப்படி அழைத்தார்கள். பார்த்தவுடன் ஆளை விலக்கிவைக்கத்தான் அந்த அடையாளம். இன்று யாரும் தோலில் சுடுவதில்லை. ஒரு சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் எதுவென்று சொல்லத் தேவையில்லை. விசர். நாங்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாவிக்கிறோம். "விசர்க்கதை கதையாதை", "எனக்கு விசர் வருது", "அவன் ஒரு விசரன்." பெரும்பாலும் கோபத்திலோ செல்லமாகவோ சொல்வதுதான், யாரையும் நோகடிக்கும் எண்ணம் இருக்காது. ஆனால் உண்மையிலேயே மனநோய் வந்த ஒருவருக்கு அதே சொல் ஒட்டிக்கொண்டால் நடப்பது வேறு. முதலில் ஆளின் பெயர் மறைகிறது. பிறகு அந்தச் சொல்லோடு கூடவே வரும் கதைகள் அவர் தலையில் ஏறுகின்றன: அடிப்பான், சொன்னது விளங்காது, இனிச் சுகமாகாது, பரம்பரைக்கும் வரும். அப்புறம் சனம் ஒரு முழம் தள்ளி நிற்கத் தொடங்குகிறது. கடைசியில் வேலை, சம்பந்தம், வாடகை வீடு, கோயில் திருவிழாவில் ஒரு பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. பெயர் வைப்பதில் தொடங்கி வாழ்க்கையைப் பறிப்பதில் முடியும் இந்த முழு ஓட்டத்தைத்தான் களங்கம் என்கிறோம். நாலு பேரின் கெட்ட எண்ணம் அதில் ஒரு பங்குதான்.

இதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை அந்தக் காலத்துச் சனம் விசரன் என்றுதான் சொன்னது. பின்னாளில் யாழ்ப்பாணமே ஞானி என்று மதித்த யோகர் சுவாமி அவரிடம்தான் சீடராகப் போனார். சுவாமிகளுக்கு நோய் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்வது பிழை. வழமைக்கு மாறாக நடந்த ஒருவருக்குப் பக்கத்தில் போய் இருக்க இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். ஆனால் தேரடியில் இருந்தவருக்குக் கிடைத்த அந்த இடம் பின்னறையில் இருந்த என் மாமாவுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மனநோய் என்பது ஒரே நோய் இல்லை. மனச்சோர்வில் ஆள் வாரக்கணக்கில் உற்சாகம் வற்றி, நித்திரையும் சாப்பாடும் குழம்பி, தன்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைக்கத் தொடங்குவார். பதகளிப்பு நோயில் காரணமில்லாமல் நெஞ்சு இடிக்கும், கை நடுங்கும், ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் விடாது. இருமுனை நோயில் ஒரு காலம் உச்சத்தில், இன்னொரு காலம் பாதாளத்தில். மனச்சிதைவில் இல்லாத குரல் கேட்கும், அயலவர் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஆள் உறுதியாக நம்புவார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019 இல் ஏறக்குறைய 97 கோடிப் பேர் ஏதோ ஒரு மனநோயோடு வாழ்ந்தார்கள், அதாவது 8 பேரில் ஒருவர். மனச்சிதைவு மட்டும் 300 பேரில் ஒருவருக்கு. இந்த உலகக் கணக்கை 6 இலட்சம் பேர் அளவில் வாழும் யாழ் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் 2000 பேர் வரும். இவ்வளவு பேர் எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? அந்த இரண்டு கேள்விக்கும் நடுவே கிடப்பதெல்லாம் உறைகள்தான்.

மறைப்பவர்களைக் குறை சொல்வது எளிது. நானும் ஒரு காலம் அம்மம்மாவோடு கோபமாக இருந்தேன். பிறகுதான் அவருடைய கணக்கு விளங்கியது. மாமாவுக்கு வருத்தம் தொடங்கியபோது வயது 22. சின்னம்மாவுக்கு அப்போது 20, கலியாணம் பேசத் தொடங்கிய நேரம். மாமா கிளினிக்குக்குப் போகத் தொடங்கிய பிறகு, சாதகம் பொருந்தி, சீதனமும் பேசி முடிந்த ஓர் இடம் திடீரென்று சத்தமில்லாமல் நின்றுபோனது. தரகர் வந்து படலைக்கு வெளியிலேயே நின்று சொன்னார்: "அவையள் கேள்விப்பட்டுப் போட்டினம் அக்கா. வீட்டிலை ஒராளுக்குக் கொஞ்சம் தட்டினதாம் எண்டு." அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பானையில் அரிசி போட்டார் என்று அம்மா இன்றும் சொல்வார். அடுத்த மாதத்திலிருந்து கொப்பிக்கு உறை வந்தது. அயலில் கேட்டால் மாமா கொழும்பில் படிக்கிறார் என்று கதை போனது. மாமா பின்னறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நோய் ஒருவருக்கு, களங்கம் வீட்டில் உள்ள எல்லோருக்கும். இதை யாழ்ப்பாணத்தில் விளங்கிக்கொள்ளாமல் எந்த விழிப்புணர்வுப் பேச்சும் எடுபடாது. "வெட்கப்படாதீர்கள், வெளியே சொல்லுங்கள்" என்று ஒரு தாய்க்குப் புத்தி சொல்கிறோம். அவருக்கு இருப்பது வெட்கம் மட்டும் இல்லை, மற்றப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய பயம். ஆகவே மாற வேண்டியது மறைக்கும் வீட்டைவிட, படலைக்கு வெளியே நின்று விசாரிக்கிற நாங்கள்தான். பரம்பரை பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. மனச்சிதைவு போன்ற நோய்களில் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது என்பது மெய். ஆனால் அண்ணனுக்கோ தம்பிக்கோ அந்த நோய் இருக்கிற ஒருவருக்கு அது வராமல் இருப்பதற்கான வாய்ப்புத்தான் மிகப் பெரிது. சீனி வருத்தமும் பரம்பரையில் வருவதுதான். அதற்காகச் சம்பந்தம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி, வெளியிலிருந்து வரும் களங்கத்தைவிட ஆழமாகப் போவது ஒன்று இருக்கிறது. ஊர் சொல்வதை நோயாளியே நம்பிவிடுவது. மாமா நன்றாகத் தேறியிருந்த காலத்தில் ஒருமுறை அவரை எங்கள் கடைக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். கணிதத்தில் கெட்டிக்காரர் அவர். "என்னட்டை ஏன் தாறாய்? நான் ஆர் எண்டு தெரியும்தானே" என்றார். அவரைத் தடுத்தது நோயில்லை. அது அடங்கி இரண்டு வருடம். தான் எதற்கும் உதவாதவன் என்று பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் மனநோய்களுக்குள்ளேயே ஒரு சாதி ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று எனக்குப் படும். போர் முடிந்த 2009 இலேயே யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் 7 சதவீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் அறிகுறிகளும் தெரிந்தன. இங்கே நீண்டகாலம் பணியாற்றிய உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று கூட்டு மனவடு பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இதனால் ஒரு நன்மை நடந்தது. "இடம்பெயர்ந்த பிறகு நித்திரை வாறேல்லை", "மகன் காணாமல் போனதிலையிருந்து ஒரே யோசினை" என்று சொல்ல இப்போது பலர் கூச்சப்படுவதில்லை. காரணம் வெளியில் இருக்கிறது, பழி தன்மேல் விழாது. ஆனால் ஷெல்லும் இல்லாமல் இழப்பும் இல்லாமல், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று குரல் கேட்டால் அந்த இரக்கம் கிடைப்பதில்லை. ஆகவே குடும்பங்கள் ஒரு ஷெல்லைத் தேடிப் பிடிக்கின்றன. மாமாவின் வருத்தத்துக்கும் எங்கள் வீட்டில் 1995 இடப்பெயர்வைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறைப்பதால் என்ன நட்டம்? நேரம். மனச்சிதைவு போன்ற நோய்களில் முதல் அறிகுறிக்கும் முதல் மருந்துக்கும் இடையில் எவ்வளவு காலம் போகிறதோ அவ்வளவுக்கு மீள்வது கடினமாகிறது. எங்கள் வீட்டில் அந்த இடைவெளி மூன்று வருடம். சாத்திரியார் அட்டமத்துச் சனி என்றார். செய்வினை என்று இன்னொருவர் சொல்ல, கழிப்புக் கழித்தார்கள், நூல் கட்டினார்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் எல்லாம் சரியாகும்" என்று சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை, அது நடக்கவில்லை. கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்லமாட்டேன். சந்நிதியில் மாமாவுக்கு மூன்று நேரச் சோறும் கிடைத்தது, விசரன் என்று துரத்தாத மனிதர்களும் கிடைத்தார்கள். நேர்த்தியும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. முதல் நாளிலிருந்து இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கலாம்.

களங்கம் வைத்தியத்துக்கு உள்ளேயும் புகுந்துவிடும். ஒருமுறை மாமா வயிற்றுவலி என்று துடித்தார். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்துப் பட்டியலைப் பார்த்த டொக்டர், "இவருக்கு இப்பிடித்தான் தோன்றும்" என்று வலிக்குளிசை தந்து அனுப்பிவிட்டார். மறுநாள் இரவு குடல்வால் வெடித்து அவசரமாகச் சத்திரசிகிச்சை. இது எங்கள் வீட்டுத் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. மனநோய் உள்ளவரின் உடல் வருத்தத்தை மனநோயின் கணக்கில் எழுதிவிடுவது உலகெங்கும் தெரிந்த சிக்கல். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயநோய், சீனி வருத்தம், தொற்றுநோய் போன்ற தடுக்கக்கூடிய உடல் நோய்களால்.

சட்டத்திலும் அதன் தடம் உண்டு. இலங்கையில் மனநோயாளர் பற்றிய சட்டத்தின் அடித்தளம் 1873 இல் ஆங்கிலேயர் போட்டது. ஆளைக் குணப்படுத்துவதைவிட அடைத்துவைப்பதை மனதில் வைத்து எழுதிய காலத்துச் சட்டம். கொழும்புக்குக் கிட்ட மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற ஊரின் பெயரே நாடு முழுக்க ஒரு வசவாகிப்போனது அந்த மனநிலையால்தான். தற்கொலைக்கு முயல்வது 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டம் நீங்கிப் பல வருடமாகியும், அப்படி முயன்று உயிர் தப்பிய பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்து "தெரியாமல் நடந்தது" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். உண்மை தெரியாததால் பிள்ளைக்கு அடுத்து கிடைக்க வேண்டிய உளவளத்துணை கிடைக்காமல் போகிறது.

சரி, இதை எப்படிக் குறைப்பது? பொதுவாக முதலில் தோன்றும் வழி விளக்கம் கொடுப்பது. "இது மூளையில் வரும் இரசாயனக் கோளாறு, மற்ற நோய்போலத்தான்" என்று துண்டுப்பிரசுரம் அடிப்பது. அதில் பாதிப் பலன்தான். மூளை நோய் என்று கேட்டவர்கள் நோயாளியைப் பழிப்பதைக் குறைக்கிறார்கள். அதே நேரத்தில், மூளையே கெட்டுவிட்டதென்றால் இனித் தேறமாட்டார், என்ன செய்வாரோ தெரியாது என்று இன்னும் விலகவும் செய்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளில் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் நோய் வந்த கதையோடு தேறிய கதையையும் சொல்ல வேண்டும்.

பெயரை மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் மனச்சிதைவுக்கு இருந்த பழைய பெயர் "மனம் பிளந்த நோய்" என்று பொருள்படும். குடும்பங்கள் கேட்டுக்கேட்டு 2002 இல் அதை ஒருங்கிணைவுக் குறைபாடு என்ற பொருளில் மாற்றினார்கள். அதற்கு முன்பு நோயாளிக்கே தன் நோயின் பெயர் சொல்லப்பட்டது ஏறக்குறைய 37 சதவீதத்தில். இரண்டு மூன்று வருடத்தில் அது 70 சதவீதத்தைத் தொட்டது. டொக்டர்களுக்கே வாயில் வராத பெயராக இருந்திருக்கிறது அது! எங்கள் மனச்சிதைவு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மனம் சிதைந்தால் பிறகு என்ன மிஞ்சும் என்றுதானே அந்தப் பெயர் நினைக்கவைக்கிறது. இதைவிட நல்ல சொல் ஒன்றைத் தமிழ் டொக்டர்களும் நோயாளர் குடும்பங்களும் கூடியிருந்து தேடலாம்.

வளர்ந்தவர்கள் மத்தியில் பாடம் நடத்துவதைவிடப் பலன் தருவது நேரில் பழகுவது. மனநோயோடு வாழும் ஒருவரை, அவர் வழமையான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது, சமமாக நின்று அறிவது. மேடையில் ஏற்றிக் கதை சொல்லவைப்பதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. எங்கள் ஒழுங்கையில் மாமா மாறியது ஒரு மோட்டரால். அயல்வீட்டு நீர் இறைக்கும் மோட்டர் பழுதானபோது, திருத்துகிறவர் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மாமா வேலிக்கு மேலால் பார்த்து, "கப்பாசிற்றர் போயிருக்கும்" என்றார். பிறகு அவரே கழற்றி மாற்றினார். மருந்தின் பக்கவிளைவால் அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும். அந்த நடுங்கும் கையால் ஒரு சின்னத் திருகாணியை நாலு முறை தவறவிட்டுப் பிடித்துப் பூட்டியதை அந்த வீட்டுப் பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பெயர் "மோட்டர் மாமா". 15 வருடமாக ஒட்டியிருந்த பெயர் ஒரு பின்னேரத்தில் பெயர்ந்தது.

உங்களால் செய்யக்கூடியது என்று கேட்டால், பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறார் என்றால், கால் முறிந்தவரைப் பார்க்கப் போவதுபோல ஒரு பொதி பிஸ்கட்டோடு போங்கள். அவரோடேயே கதையுங்கள். அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தாயிடம், "இப்ப எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்காதீர்கள். "மனதைத் திடமாக வைச்சிரு" என்று சொல்வதால் பலன் இல்லை. திடமாக வைக்க முடிந்தால் அது நோயே இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் குளிசைகள் வேலைசெய்யவே இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும். ஒரு கிழமையில் "இன்னும் குணமில்லையோ, விட்டுப்போடு" என்று சொல்லும் அயலவரால் எத்தனையோ பேர் மருந்தை நிற்பாட்டியிருக்கிறார்கள். அடிப்பார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: மனநோயோடு வாழ்பவர்கள் மற்றவரை அடிப்பதைவிட மற்றவரிடம் அடிவாங்குவதுதான் கூட.

யாருக்கு உதவி தேவையென்றாலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. வைத்தியம் இலவசம். நேரில் போகமுடியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையம் இந்த ஊரில் 1980களிலிருந்து இயங்குகிறது.

அம்மம்மா இப்போது இல்லை. கொப்பி நிறைந்து புதுக்கொப்பி வந்தபோது யாரும் உறை போடவில்லை. யாரும் தீர்மானித்துச் செய்ததும் இல்லை, அப்படியே விட்டுப்போயிற்று. போன மாதம் மாமா அதைக் கையில் பிடித்தபடி ஒழுங்கை முகப்பில் பஸ்ஸுக்கு நின்றார். இப்போது கிட்டடிக் கிளினிக்குக்குத்தான் போகிறார். மோட்டர் வீட்டு அண்ணை சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன, எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"கிளினிக்குக்கு."

"நில்லும், நானும் வாறன். எனக்கும் இண்டைக்குப் பிறசர் கிளினிக்."